எருமைத் தீவனத்தில் என்சைம்: மும்பைத் தபேலாவுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

மும்பையில் எருமை வைத்துப் பால் ஊற்றலாம் என்று இறங்கும் நம் ஊர்க்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். கோரேகாவ், ஜோகேஸ்வரி, பிவண்டி பக்கம் ஒரு தபேலாவில், அதாவது எருமைக் கொட்டகையில், இடம் பிடித்து, நாலைந்து கறவை எருமைகளோடு தொழிலைத் தொடங்கினால் போதும். தீவனக் கடைக்காரர் ஒரு பாக்கெட்டைக் காட்டி, இதைப் போட்டால் பால் கூடும் என்பார். அது என்சைம் பாக்கெட், அதாவது தீவனம் செரிக்க உதவும் நொதித் தூள். வாங்கலாமா, வாங்கினால் எந்தப் பருவத்தில் போடுவது, எப்படிக் கலப்பது, எப்போது நிறுத்துவது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்சைம் வெறும் ஏமாற்றுச் சரக்கு அல்ல. ஆனால் அது கடைசியாக ஏற வேண்டிய படி. தண்ணீர், நறுக்கிய நார்த்தீவனம், தாது உப்பு, கொட்டகையில் குளிர்ச்சி, இந்த நான்கும் சரியாக இல்லாத இடத்தில் என்சைம் வாங்குவது வீண் செலவு. வருஷம் முழுக்க ஒரே மாதிரி போட வேண்டிய பொருளும் அல்ல. பருவம் பார்த்துப் போட வேண்டும், பருவம் பார்த்து நிறுத்த வேண்டும்.

எருமையின் வயிற்றில் என்ன நடக்கிறது

இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது, அதனால் கொஞ்சம் நின்று பார்த்துவிடலாம்.

எருமையின் வயிற்றுக்கு நான்கு அறைகள். முதல் பெரிய அறையைப் பெருவயிறு என்கிறோம். அதற்குள் பாக்டீரியா, ஒற்றைச் செல் உயிரிகள், பூஞ்சைகள் என்று எண்ணற்ற நுண்ணுயிரிகள் வாழ்கின்றன. வைக்கோலிலும் சோளத்தட்டையிலும் இருக்கும் நாரை உடைப்பது இவைதான். அதற்குத் தேவையான செல்லுலேஸ், சைலனேஸ் போன்ற என்சைம்களை இவையே சுரந்துகொள்கின்றன. ஆகவே வெளியிலிருந்து என்சைம் கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எருமைக்குக் கிடையாது. கோழிக்கு இந்தப் பெருவயிறு இல்லை. கோழித் தீவனத்தில் என்சைம் தெளிவான பலன் காட்டுவதற்கு அதுதான் காரணம். எருமைக்கும் அதே பலன் வரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அப்படியானால் எதற்கு இது? நுண்ணுயிரிகள் தட்டையின் வெளித்தோலில் எளிதாக ஒட்டாது. வெட்டுப்பட்ட முனையிலும் நைந்த இடத்திலும்தான் ஒட்டும். தீவனத்தின் மேல் முன்கூட்டியே என்சைம் தெளித்தால், அது நாரின் மேற்பரப்பைக் கொஞ்சம் தளர்த்திக் கொஞ்சம் சர்க்கரையை வெளியே விடுகிறது. நுண்ணுயிரிகள் அந்த இடங்களில் சீக்கிரமாக ஒட்டி வேலையைத் தொடங்கும். நார் சீக்கிரம் செரித்தால் வயிற்றில் இடம் காலியாகும், எருமை இன்னும் கொஞ்சம் தின்னும், அந்தத் தீனியிலிருந்து பால் வரும். என்சைம் பாலைக் கூட்டுவதாக இருந்தால் இந்த வழியில்தான் கூட்டும். எருமைக்கு வேண்டிய சத்து அது தின்னும் அளவை மீறி நிற்கும் காலம், அதாவது கன்று ஈன்ற முதல் மூன்று மாதம், இதற்கு ஏற்ற நேரம்.

இதற்கு எல்லைகளும் உண்டு. முற்றிய தட்டையைக் கெட்டியாக்குவது லிக்னின் என்ற பொருள். செல்லுலேஸும் சைலனேஸும் அதைத் தொடாது. நெல் வைக்கோலில் இருக்கும் மணற்சத்தான சிலிக்காவையும் எந்த என்சைமும் கரைக்காது. இதனால்தான் பல நாடுகளில் நடந்த சோதனைகளிலும் முடிவுகள் ஒரே மாதிரி வரவில்லை. சில இடங்களில் பால் கூடியது, சில இடங்களில் ஒரு மாற்றமும் இல்லை. எந்தத் தீவனம், எவ்வளவு என்சைம், எந்தக் கட்டத்தில் இருக்கும் மாடு என்பதைப் பொறுத்து எல்லாமே மாறுகிறது.

ஈஸ்ட் என்று ஒன்றும் கடையில் கிடைக்கும். அது உயிருள்ள நுண்ணுயிரி, என்சைம் அல்ல. பெருவயிற்றின் சூழலைச் சீராக வைக்க அது உதவும். சில பாக்கெட்டுகளில் இரண்டையும் கலந்தே விற்கிறார்கள். எது வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்குங்கள்.

முதல் படி: பாக்கெட்டுக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

தண்ணீரில் தொடங்குங்கள். கறவை எருமைக்கு நாளுக்கு 60 முதல் 80 லிட்டர் வேண்டும், வெயில் காலத்தில் 100 லிட்டரை நெருங்கும். ஒரு நாளைக்கு இரண்டு தடவை வாளியில் காட்டுவதோடு நிறுத்தும் தபேலாக்கள் இன்னும் இருக்கின்றன. தொட்டியில் எந்நேரமும் நல்ல தண்ணீர் நிற்க வேண்டும். நான் பார்த்தவரை, தண்ணீரைச் சரிசெய்தால் வருகிற பலனுக்குப் பக்கத்தில் எந்தப் பாக்கெட்டும் நிற்காது.

அடுத்தது தீவனக் கணக்கு. எருமை தன் உடல் எடையில் 2.5 முதல் 3 சதவீதம் உலர்பொருள் தின்னும். 500 கிலோ எடையுள்ள முர்ரா இன எருமை என்றால் 12.5 முதல் 15 கிலோ. இது ஈரத்தைக் கழித்த எடை என்பதை மறக்க வேண்டாம். 20 கிலோ பச்சைப்புல் போட்டால் அதில் உலர்பொருள் நாலைந்து கிலோதான், மீதி தண்ணீர். புண்ணாக்கு, தவிடு போன்ற அடர்தீவனத்துக்கு வழக்கமான கணக்கு இது: உடலைப் பராமரிக்க 2 கிலோ, அதற்கு மேல் ஒவ்வொரு 2 லிட்டர் எருமைப் பாலுக்கும் 1 கிலோ. பத்து லிட்டர் கறக்கும் எருமைக்கு 7 கிலோ வரும். அதை ஒரே வேளையில் கொட்டாமல் இரண்டு மூன்று வேளையாகப் பிரிக்க வேண்டும். மீதிப் பாதி நார்த்தீவனமாக இருந்தே ஆக வேண்டும்.

இந்தப் பாதி என்பது முக்கியம். மும்பையில் தட்டையும் புல்லும் வண்டியேறி வருகின்றன, இடமும் குறைவு. அதனால் பலர் நாரைக் குறைத்து, பருத்திக்கொட்டைப் புண்ணாக்கும் துவரம்பொட்டும் கோதுமைத் தவிடும் குச்சித் தீவனமும் கூட்டிக்கொண்டே போகிறார்கள். மாவுச்சத்து மிகுந்த தீவனம் அதிகமானால் பெருவயிற்றில் புளிப்பு ஏறும். கார அமில அளவு (pH) 6-க்குக் கீழே இறங்கினால் நாரை உடைக்கும் பாக்டீரியாக்கள் சோர்ந்துபோகும். பாலில் கொழுப்பு குறையும், சாணம் நுரைத்துத் தளர்ந்து விழும். அந்த நிலையில் என்சைம் போட்டால், வேலைக்கு ஆள் இல்லாத களத்தில் கருவியை மட்டும் இறக்கியது போல ஆகும். முதலில் நாரைக் கூட்டுங்கள், அடர்தீவனத்தைப் பிரித்துக் கொடுங்கள். தேவைப்பட்டால் மருத்துவரைக் கேட்டு, நாளுக்கு 50 முதல் 100 கிராம் ஆப்பசோடா தீவனத்தில் கலக்கலாம்.

தட்டையை நீளமாகப் போடாதீர்கள். ஒரு அங்குலம், ஒன்றரை அங்குலம் அளவுக்கு நறுக்குங்கள். இங்கே கடபா என்று விற்கும் சோளத்தட்டையை நறுக்கியே தருகிறார்கள், அதைக் குட்டி என்று கேட்டு வாங்கலாம். நறுக்குவதால் வெட்டு முனைகள் பெருகும், நுண்ணுயிரிக்கு வாசல்கள் பெருகும். என்சைம் செய்வதாகச் சொல்லும் வேலையில் ஒரு பங்கை நறுக்கும் இயந்திரமே செய்துவிடுகிறது. பொடியாக அரைத்துவிடவும் கூடாது, அப்புறம் எருமை அசைபோடாது.

தாது உப்புக் கலவை ஒவ்வொரு நாளும். சாப்பாட்டு உப்பு 30 கிராம். இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, பாக்கெட்டில் உள்ள அளவைத் தவறாமல் கொடுங்கள்.

பாக்கெட்டைப் படிக்கும் முறை

மல்டி என்சைம் என்று பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்து வாங்காதீர்கள். பின்பக்கத்தைத் திருப்புங்கள். உங்களுக்கு வேண்டியவை நாரை உடைக்கும் செல்லுலேஸும் சைலனேஸும். பெரும்பாலும் ட்ரைக்கோடெர்மா, அஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சைகளை வளர்த்து எடுக்கப்படுபவை இவை. மக்காச்சோள மாவு நிறையப் போடும் தபேலாவில், மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸுக்கு ஓரளவு இடம் உண்டு. ஃபைட்டேஸ் என்பதைப் பட்டியலில் முதலாவதாகப் பார்த்தால் அந்தச் சரக்கு கோழிக்காகச் செய்யப்பட்டிருக்கலாம். தானியத்தில் கட்டுண்டிருக்கும் பாஸ்பரஸை விடுவிக்கத்தான் ஃபைட்டேஸ். எருமையின் பெருவயிற்று நுண்ணுயிரிகள் அதைத் தாமே செய்கின்றன.

என்சைமின் வீரியத்தை எடையில் சொல்ல முடியாது. ஒரு கிராமுக்கு இத்தனை யூனிட் என்றுதான் சொல்ல முடியும். லேபிளில் யூனிட்டே இல்லை என்றால் அதை விட்டுவிடுங்கள். ஆனால் இரண்டு கம்பெனிகளின் யூனிட்டை நேருக்கு நேர் ஒப்பிடவும் முடியாது, ஒவ்வொருவரும் வேறு வேறு சூட்டிலும் கார அமில அளவிலும் சோதிக்கிறார்கள். பெருவயிறு சுமார் 39 டிகிரி சூட்டிலும், 6 முதல் 7-க்கு உட்பட்ட கார அமில அளவிலும் இருக்கும் இடம். ஐம்பது அறுபது டிகிரியில் சோதித்துக் காட்டிய பெரிய எண் அங்கே அப்படியே செல்லாது. எந்த நிலையில் சோதித்தது என்று விற்பவரிடம் கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்த கம்பெனியின் சரக்கை வாங்குவது நல்லது.

தயாரித்த தேதி, காலாவதித் தேதி, கறவை மாட்டுக்கு நாளுக்கு எத்தனை கிராம் என்ற அளவு, இவை மூன்றும் இருக்க வேண்டும். அந்த அளவை மீறாதீர்கள். கூடப் போட்டால் கூடப் பலன் என்பது இதில் பொருந்தாது. அளவு மிஞ்சியபோது பலன் குறைந்ததாகவே பல சோதனைகளில் கண்டிருக்கிறார்கள்.

என்சைம் கலந்த குச்சித் தீவனம் என்று விற்பதை வாங்கினால் ஒரு கேள்வி கேளுங்கள்: குச்சியாக்கும் முன்பு சேர்த்ததா, பின்பு தெளித்ததா? குச்சி பிழியும்போது நீராவியில் சூடு 70, 80 டிகிரிக்குப் போகும். சூடு தாங்கும்படி தயாரிக்காத என்சைம் அங்கேயே செத்துவிடும்.

சந்தேகம் இருந்தால் பரேலில் 1886 முதல் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு ஒரு நாள் போய்வாருங்கள். தீவனம் பற்றிப் பேச, விற்பனையில் லாபம் இல்லாத ஆட்கள் அங்கே இருக்கிறார்கள்.

கலப்பது எப்படி

என்சைமை நார்த்தீவனத்தின் மேல் தெளிக்க வேண்டும். பலர் செய்வது என்ன? பாக்கெட்டில் இருப்பதைத் தண்ணீரில் கரைத்து வாயில் ஊற்றுகிறார்கள், அல்லது ஊறவைத்த புண்ணாக்குக் கூழில் போட்டுக் கலக்கிவிடுகிறார்கள். தீவனத்தில் ஒட்டாமல் தனியாகப் பெருவயிற்றுக்குள் போகும் என்சைமை அங்கிருக்கும் புரதச் செரிமானமே ஒரு பங்கு அழித்துவிடும், மீதி தண்ணீரோடு நகர்ந்துவிடும். வாயில் ஊற்றுவதில் புரையேறும் ஆபத்தும் உண்டு.

நாலு எருமைகளுக்கு ஒரு வேளைக்கு 12 கிலோ நறுக்கிய உலர்தட்டை என்று வைத்துக்கொள்வோம். அந்த வேளைக்கான என்சைமை நிறுத்து எடுங்கள், கைப்பிடி அளவு வேண்டாம். மூன்று லிட்டர் சாதாரணத் தண்ணீரில் கரையுங்கள். வெந்நீர் கூடவே கூடாது. தட்டையைத் தார்ப்பாயில் பரப்பி, பூவாளியால் மேலே தெளித்துக்கொண்டே புரட்டுங்கள். எல்லாம் ஒரே மாதிரி ஈரமானதும் குவித்து வையுங்கள். எவ்வளவு நேரம் என்பது பருவத்தைப் பொறுத்தது, கீழே சொல்கிறேன்.

பருத்திக்கொட்டையை வேகவைத்துக் கொடுக்கும் வழக்கம் இங்கே உண்டு. அந்தச் சூடான கலவையில் என்சைமைப் போடவே வேண்டாம். தாது உப்போடு முன்கூட்டியே கலந்து டப்பாவில் வைப்பதும் வேண்டாம். அதில் உள்ள செம்பு போன்ற உப்புகளோடு ஈரமும் சேர்ந்தால் என்சைம் கெடும்.

கலக்கும் ஆளுக்கு முகமூடி கட்டாயம் வாங்கிக் கொடுங்கள். என்சைம் தூளை மூச்சில் இழுத்தால் ஒவ்வாமையும் ஆஸ்துமாவும் வரும், தொழிற்சாலைகளில் இது நன்றாகத் தெரிந்த நோய். தபேலாவில் வேலைக்கு வருகிற பையன்கள் ஊரை விட்டு வந்து மாடுகளோடு அங்கேயே தூங்குபவர்கள். அவர்கள் மூச்சு நம் பொறுப்பு. மாவைப் பறக்கவிடாமல் தண்ணீருக்குள் மெதுவாகச் சரிக்கச் சொல்லிக்கொடுங்கள்.

வெயில் காலம்: மார்ச் முதல் மே வரை

இந்த மாதங்களில் பச்சைப்புல் குறைந்து முழுப் பாரமும் கடபா, காய்ந்த புல், வைக்கோல் மேல் விழும். உலர்நார் அதிகம் என்பதால் என்சைமுக்கு வேலை இருக்கிற பருவம்தான். ஆனால் எருமை வெயிலில் தின்பதையே குறைத்துவிடும். கறுத்த தோல், மெல்லிய முடி, பசுவைவிட வெகு குறைவான வியர்வைச் சுரப்பிகள், அதோடு மும்பையின் புழுக்கம். உடம்புச் சூட்டை இறக்க அதற்கு வழியே இல்லை. தின்னாத தீவனத்தில் என்சைம் தெளித்து என்ன பயன்?

ஆகவே வெயிலில் முதல் செலவு தண்ணீர் தெளிப்பானுக்கும் மின்விசிறிக்கும். நாளுக்கு மூன்று தடவையாவது உடம்பு முழுக்க நனைத்து, நனைந்த உடம்பில் காற்று படும்படி செய்யுங்கள். காற்று இல்லாமல் நனைத்தால் மட்டும் போதாது, கடலோரப் புழுக்கத்தில் ஈரம் அப்படியே நிற்கும். நார்த்தீவனத்தில் பெரும்பகுதியை இரவிலும் விடியற்காலையிலும் போடுங்கள். நார் செரிக்கும்போது வயிற்றில் சூடு பிறக்கும், அது குளிர்ந்த நேரத்தில் நடக்கட்டும். மூச்சிரைக்கும் எருமையின் எச்சில் வீணாகும், பெருவயிற்றுப் புளிப்பை அடக்கும் சோடா அந்த எச்சிலில்தான் இருக்கிறது. அதனால் ஆப்பசோடா தேவைப்படுவதும் இந்தப் பருவத்தில்தான்.

இதெல்லாம் செய்த பிறகு, கன்று ஈன்று நூறு நாளுக்குள் இருக்கும் எருமைகளுக்கு மட்டும் என்சைம் போடுங்கள். தெளித்த தட்டையை இரண்டு மணி நேரத்துக்கு மேல் குவித்து வைக்க வேண்டாம், சூட்டில் புளித்துவிடும். பாக்கெட்டைத் தகரக் கூரைக்குக் கீழே பரணில் வைக்காதீர்கள். வீட்டுக்கு எடுத்துப்போய்க் குளிர்ந்த அலமாரியில் வைத்துவிட்டு, அன்றாடத் தேவையை மட்டும் கொண்டுவாருங்கள்.

மழைக் காலம்: ஜூன் முதல் செப்டம்பர் வரை

மழை இறங்கியதும் பச்சைப்புல் பெருகும். கோரேகாவில் 1949-இல் தொடங்கிய ஆரே பால் குடியிருப்பில் பாரா புல் வளர்த்துத்தான் எருமைகளுக்குப் பசுந்தீவனம் கொடுத்தார்கள். நகரத்துக்குள் நெருக்கடியில் கிடந்த எருமைகளை வெளியே கொண்டுவந்த அந்த ஏற்பாட்டை முன்னின்று நடத்திய தாரா குரோடிக்கு, 1963-இல் அமுலை வளர்த்த வர்கீஸ் குரியன், திரிபுவன்தாஸ் படேல் இருவரோடும் சேர்த்து மகசேசே விருது கிடைத்தது. புல்லில்தான் பால் தொடங்குகிறது என்பதை அன்றே சரியாகப் பிடித்தவர்கள் அவர்கள்.

இளம் பச்சைப்புல்லில் லிக்னின் குறைவு, நுண்ணுயிரிகள் அதைத் தாமே சுலபமாக உடைத்துவிடும். இந்தப் பருவத்தில் என்சைம் வாங்குவதை நான் பரிந்துரைப்பதில்லை. மழைப்புல்லில் தண்ணீர் அதிகம், உலர்பொருள் குறைவு, சாணம் தளரும். காய்ந்த தட்டை கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தால் சரியாகும்.

அந்தப் பணத்தைத் தீவனம் நனையாமல் காப்பதில் போடுங்கள். ஜூலை, ஆகஸ்டில் புண்ணாக்கு மூட்டையில் பூஞ்சை வந்துவிடும். அந்தப் பூஞ்சையின் நஞ்சான அஃப்ளடாக்சின் எருமையின் ஈரலைக் கெடுக்கும், பால் வழியாகக் குழந்தைகளின் வயிற்றுக்கும் போகும். பாலில் அஃப்ளடாக்சின் எம்1 கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி. என்சைம் அந்த நஞ்சை அழிக்காது. வேகவைத்தாலும் அது முழுதாகப் போகாது. மூட்டைகளை மரப்பலகை மேல், சுவரிலிருந்து தள்ளி அடுக்குங்கள். பத்து நாளுக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள். கட்டி விழுந்த, வாடை அடிக்கும் புண்ணாக்கை வெயிலில் காயவைத்துப் போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், கொட்டிவிடுங்கள். பீர் ஆலைச் சக்கை வாங்குபவர்கள் அன்றைய சரக்கை அன்றே தீர்த்துவிட வேண்டும்.

மழைக்கு முன்பே தொண்டை அடைப்பான் தடுப்பூசி போட்டாயிற்றா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

குளிர் மாதங்கள்: நவம்பர் முதல் பிப்ரவரி வரை

என்சைமைச் சோதித்துப் பார்க்க நல்ல காலம் இதுதான். எருமைகள் பெரும்பாலும் பகல் குறையும் மாதங்களில் சினைப்படும், மழைக் கடைசியிலிருந்து குளிர் தொடக்கம் வரை கன்று ஈனும். ஆகவே நவம்பர், டிசம்பரில் தபேலாவில் புதுக்கறவை எருமைகள் நிறைய நிற்கும். வெயில் தணிந்திருக்கும், எருமை நன்றாகத் தின்னும். மழைக்குப் பிந்திய அறுவடையின் புதுத் தட்டையும் வைக்கோலும் வந்திறங்கும். பசி, உலர்நார், புதுக்கறவை மூன்றும் ஒன்றாக அமைகிற மாதங்கள் இவை.

இரவில் தெளித்துக் குவித்து வைத்து, விடியற்காலைக் கறவை முடிந்ததும் போடலாம். இந்தக் குளிரில் அவ்வளவு சீக்கிரம் புளிக்காது. ஆனாலும் முகர்ந்து பார்த்துவிட்டுப் போடுங்கள்.

வைக்கோலை அதிகம் நம்பியிருப்பவர்களுக்கு ஒரு மாற்று உண்டு. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூடி 21 நாள் வைத்துத் திறப்பது. இது லிக்னின் கட்டையே தளர்த்தும், புரதச்சத்தும் கூடும், செலவும் குறைவு. முதல் தடவை மருத்துவர் ஒருவர் மேற்பார்வையில் செய்யுங்கள். யூரியா அளவு தவறினாலோ, கரைசலை மாடு நேரடியாகக் குடித்தாலோ உயிருக்கே ஆபத்து. இடமும் பொறுமையும் இருந்தால் என்சைமுக்கு முன் இதைத்தான் செய்யச் சொல்வேன். நகரத் தபேலாவில் மூன்று வாரம் மூடி வைக்க இடம் இல்லாதவர்கள் என்சைமைப் பார்க்கலாம்.

பால் கூடியதா என்று எப்படித் தெரிந்துகொள்வது

விற்பவர் சொல்லும் சாட்சி எப்போதும் ஒன்றுதான்: போட்ட எருமை இரண்டு லிட்டர் கூடக் கறந்தது. கன்று ஈன்ற எருமையின் பால் ஆறு முதல் எட்டு வாரம் வரை தானாகவே ஏறும். மூன்றாவது வாரத்தில் எதைப் போட்டாலும் ஏறும். ஆறாவது மாதத்தில் எதைப் போட்டாலும் இறங்கும். முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று ஒரே எருமையில் பார்ப்பது கணக்கே ஆகாது.

எட்டு எருமைகள் இருந்தால், ஈன்ற நாளும் பாலும் ஏறக்குறைய ஒத்திருப்பவற்றை இரண்டிரண்டாகச் சேருங்கள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றை ஒரு பக்கம், மற்றதை மறுபக்கம் கட்டுங்கள். முதல் இரண்டு வாரம் யாருக்கும் எதுவும் போடாமல் அளந்து எழுதுங்கள். அடுத்த மூன்று வாரம் ஒரு பக்கத்துக்கு மட்டும் என்சைம். பிறகு பக்கம் மாற்றுங்கள். மாற்றிய முதல் வாரத்தின் அளவைக் கணக்கில் எடுக்காதீர்கள், வயிறு பழகும் நாட்கள் அவை. இடையில் வேறு தீவனம் எதையும் மாற்றக் கூடாது, கறக்கும் ஆளையும் மாற்றக் கூடாது. பாலை நுரையோடு லிட்டரில் அளக்காமல் தராசில் தொங்கவிட்டு எடை போடுங்கள்.

செலவுக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பாக்கெட் கிலோ 400 ரூபாய், ஒரு எருமைக்கு நாளுக்கு 20 கிராம் என்று வைத்தால் நாளுக்கு 8 ரூபாய். பால் உங்களுக்கு லிட்டர் 80 ரூபாய்க்குப் போகிறது என்றால், 100 மில்லி கூடினாலே போட்ட காசு வந்துவிடும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதே எருமை இன்றைக்கும் நாளைக்கும் கறப்பதில் கால் லிட்டர், அரை லிட்டர் வித்தியாசம் இயல்பாகவே வரும். 100 மில்லி கூடியதா இல்லையா என்பது யார் கண்ணுக்கும் தெரியாது. பல எருமைகளின் பல நாள் சராசரியை வைத்துத்தான் சொல்ல முடியும். போட்ட செலவுக்கு மூன்று மடங்காவது திரும்பி வந்தால்தான் என்சைமை வைத்துக்கொள்ளலாம் என்பது என் அளவுகோல். கூலியும் கலக்கும் நேரமும் அதில் அடங்கிவிடும்.

பாலோடு சாணத்தையும் பாருங்கள். ஒரு கை சாணத்தைச் சல்லடையில் போட்டுத் தண்ணீரில் அலசினால் மிச்சம் தெரியும். நீளமான நார்த் துண்டுகளும் முழுத் தானியமும் நிறைய நின்றால் செரிமானம் சரியில்லை. என்சைம் தொடங்கும் முன்னும் மூன்று வாரம் கழித்தும் அலசி ஒப்பிட்டுப் பாருங்கள். தின்றுவிட்டுப் படுத்திருக்கும் எருமைகளில் பாதிக்கு மேல் அசைபோட வேண்டும், ஒரு கவளத்துக்கு ஐம்பது தடவையாவது மெல்ல வேண்டும். இந்த இரண்டையும் பார்க்கக் காசு செலவில்லை.

யாருக்குக் கொடுக்க வேண்டாம், எப்போது நிறுத்துவது

ஹரியானாவிலிருந்தோ குஜராத்திலிருந்தோ லாரியில் வந்திறங்கிய எருமைக்கு முதல் இரண்டு வாரம் எதுவும் போட வேண்டாம். பயணக் களைப்பு தீரட்டும், புதுத் தீவனத்துக்கு வயிறு பழகட்டும், குடற்புழு மருந்து முடியட்டும். கறவை வற்றிய எருமைக்கு என்சைம் தேவையே இல்லை. பால் குடிக்கும் கன்றுக்குப் பெருவயிறு இன்னும் வளரவில்லை, அதற்கும் வேண்டாம்.

தீனி எடுக்காமல் நிற்கும் எருமைக்கு என்சைம் மருந்து ஆகாது. வயிறு உப்பசம், ஈன்ற சில நாளில் சுருண்டு படுத்துக்கொள்வது, தட்டைக் கட்டோடு வந்த கம்பியை விழுங்கிவிட்டு முதுகை வளைத்து நிற்பது, பிளாஸ்டிக் பையைத் தின்றது, எதுவாகவும் இருக்கலாம். ஒரு வேளைக்கு மேல் தீனி தொடாவிட்டால் மருத்துவரை அழையுங்கள்.

எருமை ஐந்தாறு மாதக் கறவையைத் தாண்டி, பால் நாளுக்கு 5 லிட்டருக்குக் கீழே இறங்கியதும் நிறுத்திவிடலாம். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டிய அவசியம் இல்லை, ஒரே நாளில் விடலாம். பச்சைப்புல் முழுதாகக் கிடைக்கத் தொடங்கும் ஜூன் இறுதியிலும் அப்படியே. பிரித்த பாக்கெட்டை மழைக்காலம் முழுக்க மூடி வைத்துக் குளிரில் மறுபடி எடுக்காதீர்கள். ஈரம் ஏறிய தூளில் வீரியம் இருக்காது. அக்டோபர் வெயில் அடங்கியதும் தேதி பார்த்துச் சின்னப் பாக்கெட்டாகப் புதிதாக வாங்குங்கள்.